அடியில் சேர்ந்த சாம்பல்

2.10க்கு மூண்டது. 2.14க்கு அணைந்தது. 2.20க்கு மறுபடியும் மூண்டது, 2.23க்கு அணைந்தது. எரிவாயு பில் வந்த உறையைப் பிரித்து, அதன் உள்பக்கத்தில் இதை எழுதிக்கொண்டு பேஸ்மென்ட் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். டொரன்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் ஒரு ஜனவரி இரவு. வெளியே மைனஸ் 19 டிகிரி. மாடியில் ஏழு வயது மகன் இரண்டு கம்பளிக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தான். கணவருக்கு அந்த வாரம் இரவு ஷிப்ட்.

ஃபர்னஸ் என்றால் ஊரில் உருக்காலைதான் நினைவுக்கு வரும். இது வீட்டுக்கான உலை. ஆளுயர இரும்புப் பெட்டி. உள்ளே எரிவாயு எரியும். தீயின் புகை ஒரு மெல்லிய உலோகச் சுவருக்குள்ளேயே சுற்றி, குழாய் வழியாக வீட்டுக்கு வெளியே போய்விடும். அந்தச் சுவரைத் தொட்டுச் சூடாகும் காற்றை ஒரு பெரிய ஃபேன் எல்லா அறைகளுக்கும் தள்ளும். அந்தக் குளிரில், ஒரு முறை மூண்டால் பத்துப் பதினைந்து நிமிடமாவது ஓடி, வீடு சூடானபின் ஓய வேண்டும். எங்களுடையது நாலு நிமிடத்தில் ஓய்ந்துவிடும். வீடு சூடாவதற்குள் ஓய்ந்துவிடும். ஐந்தாறு நிமிடம் கழித்து மறுபடி மூளும். சுவரிலிருந்த தெர்மோஸ்டாட்டில் 21 டிகிரி வைத்திருந்தோம். அது 16 காட்டியது.

நெருப்புக்குக் காவல் இருப்பது எனக்குப் புதிதில்லை.

கொல்லிமலையின் பதினான்கு நாடுகளில் ஒன்று பைல் நாடு. நான் பிறந்தபோது அது சேலம் மாவட்டம். நாமக்கல் மாவட்டம் ஆனது 1997இல். காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால், மலையின் மேற்பரப்பு ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம். மார்கழியில் மூடுபனி திண்ணை வரை வந்து நிற்கும். மண்சுவர், புல்கூரை, ஐந்து பேருக்கு மூன்று போர்வை. வீட்டுக்குள் அடுப்பு, அடுப்புக்குப் பக்கத்தில் ஆயா, ஆயாவின் முதுகை ஒட்டி நான்.

ஆயாவின் அடுப்பு அணைந்து நான் பார்த்ததில்லை. தீப்பெட்டிக்குக் காசு வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தீக்குச்சி நமத்தும் போகும். இரவுச் சோறு முடிந்ததும் கொள்ளிக்கட்டைகளைப் பின்னுக்கு இழுத்துவிட்டு, கங்குகளை நடுவில் குவித்து, மேலே சாம்பலை வாரி மூடுவார். எவ்வளவு மூட வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரியும். கொஞ்சம் குறைந்தால் விடிவதற்குள் எரிந்து தீர்ந்துவிடும். கூடிப்போனால் மூச்சடைத்துக் கரியாகிவிடும். கருக்கலில் எழுந்து சாம்பலை விலக்கினால் உள்ளே நாலைந்து கங்கு சிவந்து கிடக்கும். அதன்மேல் சருகு, சருகின்மேல் சுள்ளி, ஊதுகுழலில் இரண்டு மூச்சு. என்னை ஊதச் சொல்வார். கன்னம் வலிக்க ஊதுவேன். நெருப்பைத் தவறவிட்ட வீட்டார் ஓட்டாஞ்சில்லோடு வந்து எங்கள் அடுப்பிலிருந்து கங்கு வாங்கிப் போவார்கள். விளக்கு வைத்தபின் கேட்டால் மட்டும் ஆயா தயங்குவார்.

அடுப்புக்கு நேர் மேலே பரண். விதைக்கென்று எடுத்துவைத்த சோளக்கதிரும், அவரை விதை போட்டு அடைத்த சுரைக்குடுக்கையும் அங்கே தொங்கும். புகை ஏறிய விதையில் வண்டு விழாது. பின்னாளில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் மலைக்கு வந்து, சாமை, தினை, பனிவரகு விதைகளைக் காக்க ஊர்தோறும் விதை வங்கி வைக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு முன் எங்கள் வீட்டு வங்கி அந்தக் கரிபிடித்த பரண்தான்.

ஒரு நாள் அடுப்பு மூள்வதும் அணைவதுமாக இருந்தது. சுள்ளி குப்பென்று பற்றும், உடனே படுத்துவிடும். நான் எரிச்சலில் விறகைக் குச்சியால் அடித்தேன். ஆயா கையைப் பிடித்துக்கொண்டார்.

“நெருப்ப வையாத கண்ணு. அதுக்கு என்ன கொறைன்னு பாரு.”

விறகைத் தூக்கி, அடியில் விரலை விட்டுக் காட்டினார். சாம்பல் மேடு தட்டியிருந்தது. காற்று போக வழியில்லை.

“இது மேல இருந்தா நெருப்புக்குப் போர்வை. அடியில இருந்தா மண்ணு.”

ஆயா எதையும் ஒரு வரிசையில்தான் பார்ப்பார். முதலில் அடிச்சாம்பல். பிறகு விறகின் ஈரம். பிறகு காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, கதவு திறந்திருக்கிறதா. அடுப்பையே இடித்துக் கட்டுவதைப் பற்றி இவை எல்லாம் பார்த்தபிறகுதான் பேசுவார். அவர் வாழ்நாளில் அப்படி இடித்துக் கட்டியது ஒரே முறை, மழையில் சுவர் இடிந்து அடுப்பின்மேல் விழுந்தபோது.

ஸ்கார்பரோவில் நான் அந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தேன். முதலில் ஒரு பழுதுபார்ப்பவரை அழைத்தேன். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, ஃபர்னஸுக்குப் பதினைந்து வயதாகிறது, மாற்றிவிடுவதே நல்லது என்று ஒரு தொகை சொன்னார். எங்கள் சேமிப்பில் பாதி. ஏறக்குறையச் சம்மதித்துவிட்டேன். அதற்குள் கணவரோடு வேலை செய்யும் ஒருவர் செலவில்லாத வழி ஒன்று சொல்லியனுப்பினார்: உள்ளே தீயை நிறுத்துகிற ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், அதன் இரண்டு கம்பிகளையும் நேராகச் சேர்த்துவிட்டால் பிறகு நிற்கவே நிற்காது. அதையும் அதே உறையில் எழுதி வைத்தேன். குழந்தை குளிரில் கிடக்கும்போது இப்படி ஒரு வழி கேட்டால் மனம் அதன் பக்கம்தான் சாயும்.

இரண்டு வீடு தள்ளி ஓர் அண்ணா இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதுகளில் வந்தவர். எரிவாயு டெக்னீசியனாக இருந்து ஓய்வு பெற்றவர். மறுநாள் காலை ஏழு மணிக்கு, பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். ஃபர்னஸைப் பார்ப்பதற்கு முன் உறையை வாங்கிப் படித்தார்.

“இதைத்தான் பிள்ளை முதல்லை செய்யவேணும். எத்தினை நிமிசம் எரியுது எண்டு தெரிஞ்சால் பாதி வேலை முடிஞ்சுது.”

பிறகு ஒரு கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து, ஒரு சுற்று முழுவதையும் கைவைக்காமல் பார்த்தார். நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். நாலாவது நிமிடம் தீ அணைந்தது.

“பாரும். நெருப்பு நிண்டிட்டுது. பெரிய ஃபேன் இன்னும் ஓடுது. அப்ப நெருப்பு தானாச் சாகேல்லை. ஆரோ நிப்பாட்டியிருக்கினம்.”

ஒன்பது ஆண்டுகளாக அந்த வீட்டில் இருக்கிறேன். அந்தப் பெட்டிக்குள் ஒன்றன்பின் ஒன்றாக என்ன நடக்கிறது என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. சுவரிலிருக்கும் தெர்மோஸ்டாட் சூடு கேட்டதும், முதலில் ஒரு சின்ன ஃபேன் சுழன்று, பழைய புகையை வெளியே இழுக்கிறது. புகைக்கு வழி திறந்திருக்கிறதா என்று காற்றழுத்தத்தை வைத்து ஒரு சுவிட்ச் பார்த்துச் சொல்கிறது. அது சரி என்று சொன்னால்தான் பற்றவைக்கும் துண்டு சிவக்கிறது. அதன்பிறகே எரிவாயு திறக்கிறது. தீ மூண்டதா என்பதை இன்னொன்று பார்க்கிறது. உலோகச் சுவர் சூடேறக் கொஞ்சம் பொறுத்து, கடைசியில்தான் பெரிய ஃபேன் ஓடத் தொடங்குகிறது. எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்தால், கோளாறு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். தீ மூளாமலே சின்ன ஃபேன் மட்டும் சுற்றினால் புகைவழியைப் பார்க்க வேண்டும். மூண்ட சில நொடிகளில் அணைந்தால், தீயை அறியும் குச்சியைப் பார்க்க வேண்டும். சில நிமிடம் எரிந்து அணைந்து, பெரிய ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால், சூடு வெளியேற முடியாமல் உள்ளேயே தேங்குகிறது என்று பொருள். பெட்டிக்குள் ஒரு சிறு விளக்கு கண் சிமிட்டி அதையே சொல்கிறது. எத்தனை சிமிட்டலுக்கு என்ன கோளாறு என்று கதவின் உள்பக்கம் அச்சிட்டு ஒட்டியிருக்கிறார்கள். நான் அந்தக் கதவைத் திறந்ததே இல்லை.

அந்தத் தீயறியும் குச்சி என் மனதில் தங்கிவிட்டது. விரல் நீளத்து உலோகக் கம்பி, தீக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குக் கண் இல்லை, சூட்டையும் அது அளப்பதில்லை. தீச்சுடர் மின்சாரத்தைக் கடத்தும். கம்பியிலிருந்து சுடர் வழியாக மறுபக்கம் மின்சாரம் போய்ச் சேர்ந்தால் தீ இருக்கிறது என்று பொருள். அது ஆம்பியரில் பத்து லட்சத்தில் சில பங்கு அளவே உள்ள மின்சாரம். கம்பியின்மேல் மெல்லிய படிவு ஒட்டினாலே அது தடைபட்டுவிடும். எரிகிற தீயையே இல்லை என்று நினைத்து எரிவாயுவை மூடிவிடும். எரியாத வாயு வீட்டுக்குள் ஒரு மூச்சுகூடக் கசியக் கூடாது என்பதற்காக அவ்வளவு கவனம். ஆயா அடுத்த அறையில் முறத்தோடு உட்கார்ந்தபடி, அடுப்பு படுத்துவிட்டதைப் புகை வாசனையில் கண்டுபிடிப்பார்.

“சரி, பில்டரைக் கழட்டும் பாப்பம்” என்றார் அண்ணா.

கழற்றினேன். வெள்ளையாக வாங்கி மாட்டியது, எலித்தோல் போலச் சாம்பல் நிறத்தில், தூசி மெத்தையாகப் படிந்து வெளியே வந்தது. அது சாதாரண பில்டரும் இல்லை. மகனுக்கு இளைப்பு உண்டு. அவனுக்காகக் கடையில் இருந்ததிலேயே மிக நெருக்கமான இழையுள்ளதைத் தேடி வாங்கியிருந்தேன். நெருக்கமான இழையில் தூசி நிற்கும், காற்றும் தயங்கும். அது போதாதென்று, எரிவாயுச் செலவைக் குறைக்க, யாரும் படுக்காத இரண்டு அறைகளின் காற்றுத் துவாரங்களையும் மூடி வைத்திருந்தேன். காற்று வரும் வழியிலும் அடைப்பு, போகும் வழியிலும் அடைப்பு. உள்ளே சூடு ஏறி ஏறி ஓர் எல்லையைத் தொடும்போது, இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு சின்ன வட்டத் தகடு வளைகிறது. ஓர் உலோகம் மற்றதைவிடக் கூடுதலாக விரிவதால் வரும் வளைவு. அது வளைந்ததும் எரிவாயு நிற்கிறது. சூடு தணிந்தால் தகடு நிமிர்ந்து தீ மறுபடி மூள்கிறது. உறையில் நான் எழுதியிருந்த நேரங்கள் எல்லாம் அந்தத் தகடு வளைந்ததும் நிமிர்ந்ததும்தான். பிள்ளையின் மூச்சுக்காகச் செய்த காரியத்தில் நான் உலையின் மூச்சை அடைத்துவிட்டேன்.

கம்பி இரண்டையும் சேர்க்கும் யோசனையைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

“அந்த சுவிட்ச்தான் பிள்ளை உங்களுக்குக் காவல்” என்றார். அது இல்லாவிட்டால் தீ தொடர்ந்து எரியும், உலோகச் சுவர் அளவுக்கு மீறிக் காய்ந்து காய்ந்து வெடிப்பு விடும்; அந்த வெடிப்பு வழியாகப் புகை வீட்டுக் காற்றில் கலக்கும். பெரிய ஃபேன் அதையும் எல்லா அறைகளுக்கும் தள்ளும். அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ஒன்டாரியோவின் வுட்ஸ்டாக் நகரில் 2008 டிசம்பரில் லாரி ஹாக்கின்ஸ் என்ற போலீஸ் அதிகாரியும் அவர் கணவரும் இரண்டு குழந்தைகளும் இறந்ததை அவர் சொன்னார். எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டிருந்தது. வீட்டில் எச்சரிக்கும் கருவி இல்லை. அந்தக் குடும்பத்தின் உறவினரான ஜான் கிக்னாக் என்ற தீயணைப்பு வீரர் ஊர் ஊராகப் பேசினார். 2013இல் ஹாக்கின்ஸ் கிக்னாக் சட்டம் வந்தது. 2014 அக்டோபரிலிருந்து, எரிபொருள் எரியும் வீடுகளில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வைப்பது ஒன்டாரியோவில் கட்டாயம். எங்கள் மாடி நடையில் பச்சை விளக்கோடு இருக்கும் கருவி அந்த நாலு பேர் போனபிறகு வந்தது என்பது எனக்கு அதுவரை தெரியாது.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போது எனக்கு ஆயாவின் கதவு நினைவுக்கு வந்தது. எவ்வளவு குளிரானாலும், உள்ளே கங்கு இருக்கும் இரவில் கதவை முழுக்கச் சாத்த விடமாட்டார். நாலு விரல் இடைவெளிக்குக் கட்டை ஒன்றை வைத்து நிறுத்துவார். பிள்ளை பெற்றவளுக்குக் குளிர் காயக் கங்குச்சட்டி வைத்தாலும், அவள் தூங்கும் முன் அது வெளியே போய்விட வேண்டும். ஏன் என்று கேட்டால், “நெருப்புக்கும் ஆளுக்கும் ஒரே காத்து பத்தாது” என்பார். கார்பன் மோனாக்சைடு என்ற பெயரை அவர் கேட்டதே இல்லை. 2024இல் கொடைக்கானலில், மூடிய அறைக்குள் கரியடுப்பை வைத்துக்கொண்டு தூங்கிய சுற்றுலா இளைஞர்கள் இருவர் இறந்த செய்தியைப் படித்தபோது, அந்தக் கதவில் ஆயா வைத்த கட்டை ஒன்று அங்கே இல்லாமல் போயிற்றே என்றுதான் தோன்றியது.

ஆனாலும் அந்த அடுப்பை நான் திரும்பக் கேட்கமாட்டேன். கதவு நாலு விரல் திறந்திருந்தது, உண்மை. புகையின் பெரும்பங்கு வீட்டுக்குள்ளேதான் இருந்தது. பரணில் விதைகளைக் காத்த அதே புகை ஆயாவின் நெஞ்சுக்குள்ளும் படிந்தது. கடைசி ஐந்து ஆண்டுகள் அவர் இருமாமல் ஒரு வாக்கியம் முடித்ததில்லை. கண்ணோரம் எப்போதும் சிவந்து நீர் கோத்திருக்கும். வீட்டுப் புகையால் 2020இல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணனும் அவரோடு பணிபுரிந்தவர்களும் தமிழ்நாட்டுச் சமையலறைகளில் ஆண்டுக்கணக்காக இந்தப் புகையை அளந்திருக்கிறார்கள். அந்த அளவுகளைப் படிக்கும்போதெல்லாம் என் கண்ணில் தெரிவது ஊதுகுழலோடு குனிந்த ஒரு முதுகு.

ஆயாவின் அடுப்பில் தானாக நிறுத்தும் தகடு எதுவும் இல்லை. இரவில் இரண்டு முறை எழுந்து சாம்பலைத் தொட்டுப் பார்த்தவரும் அவர், கதவை அளந்து திறந்துவைத்தவரும் அவர். 1885இல் அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஆல்பர்ட் புட்ஸ் என்பவர் செய்த கருவி, கரி உலையின் காற்றுக் கதவை, அறை குளிர்ந்தால் தானாகத் தூக்கும், சூடானால் இறக்கும். அவ்வளவுதான் அது. அதுவரை அந்த ஊர் வீடுகளிலும் நடுராத்திரியில் யாரோ எழுந்துபோய்த்தான் அந்தக் கதவைத் தூக்கியிருக்க வேண்டும். இன்றைய தெர்மோஸ்டாட்டின் முன்னோர்களில் ஒன்று அது. உட்கார்ந்த இடத்தில் சூடு கிடைத்ததை விட, ஒருவருக்கு முழு இரவுத் தூக்கம் கிடைத்ததே அதன் பெரிய கொடை என்று நினைக்கிறேன். ஆயாவுக்கு அது கிடைக்கவில்லை.

புதிதாக ஒரு சாதாரண பில்டர் வாங்கி மாட்டினேன். மூடிய துவாரங்களைத் திறந்தேன். எரிவாயுப் பகுதியில் தான் இனிக் கைவைக்கக் கூடாது, ஓய்வு பெற்றதோடு லைசன்ஸ் முடிந்தது என்று சொல்லி, உரிமம் உள்ள ஒருவரை வரவழைத்து உலோகச் சுவரில் வெடிப்பு விழுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார் அண்ணா. பார்த்தாயிற்று. வெடிப்பு இல்லை. அன்று மாலை 6.02க்கு மூண்டது, 6.17க்கு ஓய்ந்தது. மகன் போர்வையை உதைத்துத் தள்ளினான்.

நாலாம் நாள் ராத்திரி பனி கொட்டியது. விடியற்காலை வீடு மறுபடியும் குளிர்ந்திருந்தது. படிக்கட்டில் போய் நின்றேன். சின்ன ஃபேன் மட்டும் இரைந்தது. தீ மூளவே இல்லை. இந்த முறை யாரையும் அழைக்கவில்லை. ஃபர்னஸை நிறுத்திவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டின் பக்கவாட்டுக்குப் போனேன். சுவரிலிருந்து வெளியே நீட்டும் இரண்டு வெள்ளைக் குழாய்கள், ஒன்று காற்றை உள்ளிழுப்பது, மற்றது புகையை விடுவது, இரண்டும் பனிக்குள் புதைந்து இடம் தெரியாமல் கிடந்தன. முழங்கால் ஊன்றிக் கையால் தோண்டினேன். சுற்றிலும் ஒரு முழத்துக்கு வழி செய்துவிட்டு உள்ளே வந்து ஃபர்னஸைப் போட்டேன். திரும்ப வெளியே போய்ப் பார்த்தபோது வெள்ளைக் குழாயிலிருந்து வெதுவெதுப்பான ஆவி வரத் தொடங்கியிருந்தது. கையுறையைக் கழற்றி அதில் விரலைக் காட்டினேன்.

அம்மாவுக்கு போன் செய்தேன். பைல் நாட்டில் அப்போது மாலை. 2016க்குப் பிறகு எங்கள் ஊரிலும் பல வீடுகளில் சிலிண்டர் வந்துவிட்டது. அம்மா சமையல் எல்லாம் கேஸில்தான். வெந்நீருக்கு மட்டும் வெளியே தாழ்வாரத்தில் விறகடுப்பு. ஃபர்னஸின் கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“அடியில சாம்பலா?” என்றார்.

“ஆமாம்மா.”

“வாரிட்டியா?”

“வாரிட்டேன்.”

போனை வைத்துவிட்டு, பில்டர் மாற்றிய தேதியைக் குறிக்கப் பேனாவோடு இறங்கினேன். ஃபர்னஸின் பக்கத்துத் தகட்டில், முழங்கால் உயரத்தில், பென்சிலால் எழுதிய தேதிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. எங்களுக்கு முன் அந்த வீட்டில் இருந்தவர் பில்டர் மாற்றிய நாட்கள். மூன்று மாதத்துக்கு ஒன்று, தவறாமல், ஒரே கையெழுத்து. கடைசித் தேதி நாங்கள் வீடு வாங்கிய ஆண்டின் வசந்தத்தில் நின்றது. ஒன்பது ஆண்டுகளாக அந்த வரிசைக்கு எதிரே துணி துவைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதன் கீழே, கொஞ்சம் இடம் விட்டு எழுதினேன்: தை 9.